மரநாய் காய்ச்சிய நான்கு பானை பீர்

ஒரு காட்டைச் சிங்கம் ஆண்டதாக எல்லாக் கதைகளும் சொல்லும். இந்தக் காட்டை ஆண்டது சிங்கத்தின் பீர்க்கடை. வீட்டில் பீர் காய்ச்சிக்கொள்ளத் தடையில்லை. ஆனால் அதை நுரைக்க வைக்கும் ஈஸ்டைக் கடையில்தான் வாங்க வேண்டும். வெளி ஈஸ்ட் என்றால் கடையின் சுவைக்குழு குடித்துப் பார்த்து ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் கொதிநீரில் கொட்டிக் கொன்றுவிட வேண்டும். இதற்குப் பெயர் குடிமக்கள் உரிமை.

அங்கே ஒரு மரநாய் இருந்தது. நாவற்பழத் தோலிலிருந்து ஓர் ஈஸ்டைப் பிடித்து, ஒரே ஒரு கலயத்தில் உயிரோடு வளர்த்து வந்தது. ஏல் என்னும் பீர் வகைக்கு உகந்த ஈஸ்ட். குழு ஏற்றுவிட்டால், யார் வேண்டுமானாலும் ஒரு கரண்டி அள்ளிப் போகலாம். அப்புறம் கடை வாசலில் எந்த மிருகமும் வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்க வேண்டாம்.

மரநாய் நான்கு பானைகளில் நான்கு விதமாகக் காய்ச்சியது. ஒன்று வெளிறிய பார்லி, ஒன்று கருக வறுத்த பார்லி, ஒன்று கோதுமை, கடைசி ஒன்று தேன் சேர்த்தது. நான்கிலும் அதே ஈஸ்ட். சோதனை நாளன்று அது விளக்கியது: “தானியத்தோட குணம் பானைக்குப் பானை மாறும். மாறாம எல்லாத்துலயும் வர்றது ஈஸ்டோட குணம்.”

குழுத் தலைவர் காட்டுப்பன்றி. உறுப்பினர் எருமை. ஒரு காலத்தில் மரநாயோடு சேர்ந்து கடைக்கு எதிராகக் கொடி பிடித்த எருமைதான். இப்போது அதன் கொம்பில் குழுவின் அடையாள அட்டை தொங்கியது.

பன்றி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தது.

“என்ன தலைவரே, முகம் வீங்கியிருக்கு?” என்றது மரநாய்.

“சொத்தைப் பல்லுய்யா. உயிர் போகுது. இன்னொரு நாள் பார்ப்போம்.”

இன்னொரு நாள் என்றால் பீர் கெட்டுவிடும். மரநாய் பதறி ஓடிப்போய் ஒரு கிராம்பைக் கொண்டுவந்து நீட்டியது. “பல்லுல அடக்கிக்குங்க தலைவரே, வலி பறந்துடும்.” கொடி பிடித்த கை பணிவிடைக்கு இறங்கினால் அப்படித்தான், மருந்தையும் தானே தேடிக் கொடுக்கும்.

பன்றி கிராம்பை அடக்கிக்கொண்டு முதல் பானையிலிருந்து ஒரு வாய் குடித்தது. “கிராம்பு வாசனை அடிக்குதே!”

இரண்டாவதைக் குடித்தது. “இதுலயும்.” மீதி இரண்டையும் சுவைத்து முடித்தபோது அதன் முகம் மலர்ந்தது. “மாறாம எல்லாத்துலயும் வர்றது ஈஸ்டோட குணம். நீ சொன்னதுதானேய்யா?”

“தலைவரே, கிராம்பு உங்க வாயில இருக்கு.”

“என் வாயைப் பத்தியா பேசுற?”

“வேணும்னா ஆத்துத் தண்ணியைக் குடிச்சுப் பாருங்க.”

பன்றி குடித்தது. “அடப்பாவி! ஆத்துலயும் கலந்துட்டியா?”

மரநாய் எருமையிடம் திரும்பியது. “தோழர், நீங்களாவது குடிச்சுப் பாருங்க.”

எருமை நான்கையும் குடித்தது. நாக்கைச் சுழற்றியது. அருமையான பீர். கிராம்பின் வாடையே இல்லை. “தோழர், சுவைங்கிறது தனிப்பட்ட விஷயம். குழுவோட ஒற்றுமைதான் முக்கியம்” என்றது. நிறைவாக ஒரு ஏப்பமும் விட்டது.

பன்றி தீர்ப்புச் சொன்னது: “ஏல் ஈஸ்ட் ஏலாது.”

சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. பாம்பும் கைதட்டியதாகக் குழுவின் அறிக்கை சொல்கிறது.

மரநாய் கலயத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அலறியது: “அந்தக் கிராம்பை நான்தானேய்யா கொடுத்தேன்!”

பன்றி எருமையைப் பார்த்தது. “குறிச்சுக்குங்க. கிராம்பு தன்னுடையதுதான் என்று விண்ணப்பதாரரே ஒப்புக்கொண்டார்.”

எருமை கலயத்தைப் பிடுங்கிக் கொதிநீரில் கவிழ்த்தது. பழைய தோழர் என்பதால் கொஞ்சம் மெதுவாகக் கவிழ்த்தது.

நீதி: நான்கு பானையிலும் ஒரே நாற்றம் அடித்தால் பானையை உடை, ஆற்றை மாற்று, ஈஸ்டைக் கொன்றுவிடு, தலைவரின் வாயை மட்டும் முகர்ந்து பார்க்காதே.