குடிகாரன் வேஷத்துக்கு ஆள்

கோதண்டபாணி வாத்தியாரின் மதுவிலக்கு நாடகத்தில் எல்லா வேஷத்துக்கும் ஆள் இருந்தது, குடிகாரனைத் தவிர. போலீஸ்காரனாக நடிக்க நான் நீ என்று அடித்துக்கொண்டார்கள். குடிகாரன் என்றதும், நாளைக்கு ஊரே கைகாட்டுமே என்று விழுப்புரத்து ஆண்கள் அத்தனை பேரும் நழுவிவிட்டார்கள்.

கடைசியில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை எடை போடும் தேவநாதன் மாட்டினான். பாவம், மோர் புளித்தாலே முகம் சுளிக்கிற பிள்ளை.

“வேணாம் வாத்தியாரே. திண்டிவனத்துல எனக்குப் பொண்ணு பேசிக்கினு இருக்காங்க.”

“உன்மேல யாருக்கும் சந்தேகம் வராதுப்பா, அதான் கேக்கறேன். இதைப் பாத்து ஒருத்தன் குடியை விட்டாலும் ஒரு வீட்ல அடுப்பு எரியும்.”

அதற்குமேல் மறுக்க மனசு வரவில்லை. ஒத்திகையில்தான் வம்பு. தள்ளாடச் சொன்னால், தேவநாதன் காலில் முள் குத்தினவனாட்டம் நொண்டினான்.

“குடிகாரனைப் பாத்ததே இல்லயா நீ? போய்ப் பாத்துட்டு வா,” என்று துரத்தினார் வாத்தியார்.

மதுவிலக்கு வந்த ஊரில் குடிகாரனைப் பார்ப்பது லேசா? விசாரித்ததில், பாண்டிச்சேரிக்கு ரயிலேறிப் போய்க் குடித்துவிட்டு வரும் சின்னக்கண்ணு அகப்பட்டான். சனிக்கிழமை சாயங்காலம் அவன் ஸ்டேஷனிலிருந்து ஆடிக்கொண்டு வர, பின்னாலேயே தேவநாதனும் ஆடினான். அவன் இடப்பக்கம் சாய்ந்தால் இவனும் சாய்ந்தான். பாடம் நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது.

எதிரே, குடையை ஊன்றிக்கொண்டு பெண்ணின் அப்பா அரங்கநாதன் நின்றார். முட்டிவாதத்துக்கு வாராவாரம் பாண்டிச்சேரி வைத்தியரிடம் போகிறவர். திண்டிவனம் வண்டிக்கு நேரமிருக்கிறதே என்று டீ குடிக்க வெளியே வந்திருந்தார்.

“மாமா, இது நாடகத்துக்குங்க...”

“நாடகம்னா மேடையில நடக்கும். இது நடுரோடு தம்பி. குடிகாரனுக்கு என் அம்சாவைக் குடுக்கமாட்டேன்.”

சமாதானம் பேச வாத்தியாரே திண்டிவனம் போனார். போனவர் சும்மா வந்தாரா? “பையன் தேறிட்டாங்க. இப்ப அவன் நடந்தா அசல் குடிகாரனே தோத்துப்போவான்,” என்று வாயாரப் புகழ்ந்துவிட்டு வந்தார்.

அரங்கநாதன் அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். “குடும்பத்தோட நாடகத்துக்கு வர்றோம். அவன் அசலா தள்ளாடினா, பழக்கம் இருக்குதுன்னு அர்த்தம். அத்தோட பேச்சு முடிஞ்சிது.”

தேவநாதன் இருதலைக் கொள்ளி எறும்பானான். நன்றாக நடித்தால் அம்சா இல்லை. நடிக்காவிட்டால் வாத்தியார் மானம் போகும். அம்சாவை அவன் ஒரே தடவைதான் பார்த்திருந்தான். காபியை வைத்துவிட்டு அவள் சிரித்த சிரிப்புக்கு முன்னால் வாத்தியாராவது, மானமாவது.

நாடகத்தன்று கையில் பாட்டிலோடு தராசு முள் மாதிரி நேராக நடந்தான்.

“யோவ், இவன் குடிகாரனா, தபால்காரனா?” என்றது கூட்டம். தலைமை தாங்க வந்த அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். திரைக்குப் பின்னால் வாத்தியார் தலையில் அடித்துக்கொண்டார்.

முன்வரிசையில் அரங்கநாதனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உச்சுக் கொட்டினார். நெளிந்தார். குடையை மனைவி லட்சுமியம்மாளிடம் கொடுத்துவிட்டு விறுவிறுவென்று மேடையேறிவிட்டார்.

“தம்பி, இப்பிடியா குடிகாரன் நடப்பான்? மொதல்ல முட்டி கழலும். அப்புறம்தான் தலை ஆடும். காலு தானா பின்னால வரும். என்னைப் பாரு.”

நடந்து காட்டினார். அடடா, என்ன நடை! துண்டு நழுவியது, கண் செருகியது. இல்லாத விளக்குக் கம்பத்தில் முட்டிக்கொண்டு அதனிடம் மன்னிப்பும் கேட்டார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சின்னக்கண்ணு எழுந்து நின்று கைதட்டினான். பிழைத்தோம் என்று வாத்தியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கைதட்டல் ஓய்ந்தபோது லட்சுமியம்மாள் மேடையோரம் வந்து நின்றிருந்தாள்.

“மாப்ள, உங்களுக்குத் தள்ளாடவே தெரியல. எனக்கு அது போதும். தையில முகூர்த்தம் வச்சிக்கலாம்,” என்றாள். பிறகு குடையைக் கணவரிடம் நீட்டினாள்.

“இந்த நடைக்குத்தானா, முட்டிவாதம்னு நம்பிக்கினு, இத்தினி வருஷமா நான் தைலம் தேய்ச்சேன்?”