குத்தினால் உயிர் வரும் ஈட்டி

நாய் கடித்த விஷயம் மனைவி தென்றலுக்குத் தெரியவே கூடாது என்று அறிவுச்செல்வன் முடிவெடுத்தபோது, அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை வாசலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தான். இன்னொரு கால் அவன் கையில் இருந்தது.

பௌர்ணமிச் சாயங்காலம். செருப்பில்லாமல் கிரிவலம் வந்தவன், பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த ஒரு செவலை நாயின் வாலை மிதித்துவிட்டான். மத்தியானத்திலிருந்து எத்தனையோ பக்தர்களைப் பொறுத்துக்கொண்ட நாய் அது. இவனைப் பொறுத்துக்கொள்ளவில்லை. கெண்டைக்காலில் ஒரு கவ்வு. அவ்வளவுதான். கடமை முடிந்தது போல மறுபடியும் படுத்துக்கொண்டது.

நாய்க்கு அவன் பயப்படுகிறவன் இல்லை. பாம்பு, பல்லி, கலெக்டர் ஆபீஸ் சூப்பரின்டென்டென்ட் யாருக்கும் பயப்படுகிறவன் இல்லை. ஊசிக்கு மட்டும்தான். ஆபீஸில் ரத்ததான முகாம் வைத்தபோது ரிக்கார்டு ரூமில் பழைய கட்டுகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவன், வாட்ச்மேன் பூட்டுகிற சத்தம் கேட்டுத்தான் வெளியே வந்தான். மகள் கவிநிலா கைக்குழந்தையாக இருந்தபோது தடுப்பூசிக்கு அவனும் கூடப் போவான். ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டதும், "வண்டிய நிழல்ல நிறுத்திட்டு வந்துடறேன்" என்பான். குழந்தை அழுது, ஓய்ந்து, தூங்கிய பிறகுதான் வருவான். தாங்கள் குடியிருக்கும் வேங்கிக்காலில் நிழலுக்கு அவ்வளவு பஞ்சம் என்று தென்றல் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது நாய்க்கடி. தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள் என்று சின்ன வயதில் கேட்டது ஞாபகம் வந்தது. கை தானாகத் தொப்புளை மூடிக்கொண்டது.

முள் குத்திவிட்டது என்று சொல்லிவிடலாம். செருப்பில்லாமல் மலை சுற்றுகிறவனுக்கு முள் குத்தாமல் வேறு என்ன குத்தும்? லட்சம் பேர் நடக்கிற பாதையில் தன்னை எவன் பார்த்திருக்கப் போகிறான்? இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன் இப்படி நினைத்திருக்கக் கூடாது. நினைத்தான்.

வீட்டுக்குள் நுழைந்ததும் லுங்கிக்கு மாறுவதுதான் அவன் வழக்கம். சில நாள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மாறிவிடுவான். அன்றைக்கு வேட்டியோடு நேராகப் படுக்கை அறைக்குள் போய், பேன்ட் போட்டுக்கொண்டு வந்தான்.

"என்னாங்க, எங்கியாவது கிளம்பறீங்களா?"

"இல்லியே. வீட்லயும் ஒரு டிசிப்ளின் வேணும்னு தோணுச்சு."

தென்றல் அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். கான்வென்ட்டில் படித்தவள். டிசிப்ளின் என்கிற வார்த்தைக்கு மரியாதை தெரிந்தவள். ஏன் நொண்டுகிறீர்கள் என்று மட்டும் கேட்டாள். முள் என்றான். காட்டுங்கள் என்றாள். அப்போதே பிடுங்கிவிட்டேன் என்றான். ஒத்துக்கொண்டாள். ஆனால் முள்ளிலும் விஷம் இருக்கும், குழாயைத் திறந்துவிட்டு சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள் என்றாள். அவன் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கழுவினான். அவள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் சோப்பு, இன்னும் கொஞ்சம் தண்ணி என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். சோப்புக்கட்டி பாதியாயிற்று.

வெளியே வந்தால் ஒரு சொம்பு தண்ணீரோடு நிற்கிறாள். "குடிங்க." குடித்தான். கடைசி மடக்கு தொண்டையில் இறங்குகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். சாப்பிடும்போது ஒரு சொம்பு. டி.வி. பார்க்கும்போது ஒரு சொம்பு. கல்யாணமான புதிதில்கூட அவள் அவனை இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. பேன்ட் போட்ட ஆம்பிளைக்கு வீட்டில் மதிப்பு ஜாஸ்திதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் மத்தியானம் செங்கம் ரோட்டுக்குப் போனான். மொய்னுதீன் அங்கே கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தான். பள்ளிக்கூடத் தோழன். அறிவுச்செல்வன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தவனும், அதில் ஓட்டுவதற்கு சி.டி.யில் விளையாட்டு போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். திறந்து கிடந்த ஒரு பெட்டிக்குள் தலையை விட்டு, ஊதித் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தான்.

ஆபீஸில் ஒரு நண்பனை நாய் கடித்துவிட்டது, என்ன செய்யலாம் என்று அறிவுச்செல்வன் பொதுவாகக் கேட்டான்.

"தொப்புள்ல எல்லாம் இப்ப போடறதில்லடா. கையிலதான். இன்னிக்கே போகச் சொல்லு."

"நாளைக்குப் போனா?"

மொய்னுதீன் தலையை வெளியே எடுத்தான். "வெறிநோய் வந்துட்டா வைத்தியமே கிடையாது. உன் ஃபிரெண்டுக்குப் பொண்டாட்டி, புள்ள இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்னா கேள்வி இது?"

அறிவுச்செல்வன் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். வண்டியை நேரே ஆஸ்பத்திரிக்கு விட்டான். வாசலில் ஸ்பிரிட் வாசனை வந்தது. உள்ளே யாரோ ஒரு குழந்தை வீறிட்டது. அதற்குப் பிறகு வண்டி தானாகவே திரும்பிவிட்டது. ஓட்டினவன் அவன்தான். இருந்தாலும் வண்டி தானாகத் திரும்பியது என்றே அவன் நினைவில் இருக்கிறது.

சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். மடியில் கவிநிலா. ஹாலின் மூலையில் தென்றல் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். அவன் விளையாடுகிற விளையாட்டில் வாள் வீரன் ஒருவன், வில்லாளி ஒருவன், வெள்ளை அங்கி போட்ட ஒரு பெண் என்று மூன்று பேர் சேர்ந்து காடு மலையெல்லாம் சுற்றுவார்கள். வாள் வீரன்தான் அறிவுச்செல்வன். அந்தப் பெண்ணுக்கு அவனும் மகளுமாக டாக்டரம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் கையில் ஒரு நீளமான ஈட்டி. எதிரியைக் குத்துகிற ஈட்டி இல்லை. சொந்த ஆளைத்தான் குத்த வேண்டும். குத்தினால் அவன் தலைக்கு மேலே பச்சை வெளிச்சம் எழும்பும், போன உயிர் திரும்பி வரும்.

அன்றைக்குப் பார்த்து வாள் வீரனை ஓநாய் கடித்துவிட்டது. உடம்பெல்லாம் ஊதா நிறமாகிவிட்டது. அவன் நடக்க நடக்க உயிர் கம்மியாகிக்கொண்டே வந்தது. அறிவுச்செல்வன் மேசைக்கு அடியில் தன் காலைத் தடவிக்கொண்டான்.

"டாக்டரம்மாவ குத்தச் சொல்லுப்பா" என்றாள் கவிநிலா.

சொன்னான். டாக்டரம்மா ஓடிவந்து ஈட்டியை ஓங்கினாள். வாள் வீரன் சட்டென்று விலகிக்கொண்டான். மறுபடி ஓங்கினாள். மறுபடி விலகினான்.

"ஏம்ப்பா ஓடறான்?"

"அவன் போட்டிருக்கற பூட்ஸ் அப்படிம்மா. காத்து மாதிரி வெலக வெக்கும். எதிரி குத்தினாலும் வெலகுவான், நம்ம ஆளு குத்தினாலும் வெலகுவான்."

"நல்லதுக்குத்தானே குத்தறாங்க?"

"நல்லதுக்குத்தான்."

"அப்ப அவன் மக்கா?"

மூலையில் பூண்டு உரிக்கிற சத்தம் நின்றது. அறிவுச்செல்வன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மக்கு எல்லாம் இல்லை, பூட்ஸ் மேல்தான் தப்பு என்றான். சொல்லும்போதே காது மடல் சூடாகிவிட்டது. ஐந்து வயதுக் குழந்தை கேட்ட கேள்விக்குப் பொம்மை வீரனுக்காக வக்காலத்து வாங்குகிறோமே என்று அவனுக்கே கூச்சமாக இருந்தது.

"அப்ப அவனுக்கு எப்படித்தான் குத்துவாங்க?" இதைக் கேட்டது தென்றல். கம்ப்யூட்டர் விளையாட்டைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி.

அவனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாற்காலியைத் திருப்பிப்போட்டு வகுப்பே எடுத்தான். பூட்ஸைக் கழற்ற வேண்டும். கழற்றினாலும் சில சமயம் விலகுவான். அதனால் கையில் ஒரு பெரிய கேடயத்தைக் கொடுத்துவிட வேண்டும். பாரம் ஏறிவிட்டால் நின்ற இடத்தை விட்டு நகர முடியாது. அப்போது டாக்டரம்மா நிதானமாக வந்து குத்தலாம். செய்தும் காட்டினான். பச்சை வெளிச்சம் எழும்பியது. கவிநிலா கை தட்டினாள்.

"ஓ" என்றாள் தென்றல். பூண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போன கையோடு ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாள் காலையில் அவன் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது தென்றல் வந்து பக்கத்தில் நின்றாள். கவிநிலாவுக்கு ஐந்து வயது ஊசி போட வேண்டும், இன்றைக்குத்தான் வரச்சொல்லியிருக்கிறார்கள் என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"எனக்கு பயமா இருக்குங்க. என்னால புடிச்சுக்க முடியாது. நீங்க மடியில வெச்சுக்கோங்க."

வண்டியை நிழலில் நிறுத்த வேண்டுமே என்று வாய் வரைக்கும் வந்தது. அவள் முகத்தைப் பார்த்தான். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. உதடு உலர்ந்திருந்தது. பயம் உண்மையான பயம்தான். அதற்குள் கவிநிலா ஓடிவந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்பா மடியில் உட்கார்ந்தால் அழவே மாட்டேன் என்றாள். எந்த அப்பா இதற்கு மேல் மறுப்பான்? குழந்தைக்கு ஊசி போடும்போது கண்ணை மூடிக்கொண்டால் போயிற்று. ஒரு தகப்பனாக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஆபீஸுக்குத் தாமதமாக வருவேன் என்று போனில் சொன்னான்.

வண்டியை எங்கே நிறுத்துவது என்று அவன் யோசிப்பதற்குள் தென்றல் சாவியைப் பிடுங்கிக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஊசி போடுகிற அறையில் நர்ஸ் ராஜம்மாள் இருந்தார். கட்டைக் குரல். ஸ்டூலைக் காலால் தள்ளி, "உக்காருங்க சார்" என்றார். உட்கார்ந்தான். கவிநிலா மடியில் ஏறி, இரண்டு கையாலும் கழுத்தைச் சுற்றிக்கொண்டு, இரண்டு காலாலும் இடுப்பைச் சுற்றிக்கொண்டாள். எவ்வளவு பயம் பாவம் என்று அவன் அவள் முதுகைத் தடவினான். தென்றல் பின்னால் வந்து அவன் தோளில் கை வைத்தாள். அவளுக்கும் பயம் பாவம். இரண்டு பேருக்கும் தைரியமாக இருக்கட்டும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டு, "ஒண்ணும் இல்லடா செல்லம், எறும்பு கடிக்கற மாதிரிதான்" என்றான்.

அவனுடைய சட்டைக் கையை யாரோ மேலே ஏற்றினார்கள்.

குளிர்ச்சியாகப் பஞ்சு பட்டது. கண்ணைத் திறந்தான். திறந்திருக்க வேண்டாம். எழுந்திருக்கப் பார்த்தான். மடியில் மகள். தோளில் மனைவி. அவன் வாயிலிருந்து வந்த சத்தத்துக்கு வராந்தாவில் இருந்த கைக்குழந்தைகள் எல்லாம் அழுவதை நிறுத்திவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தன.

"முடிஞ்சது" என்றார் ராஜம்மாள். "பேன்ட்ட மேல மடிங்க. நாய் கடிச்ச எடத்தப் பாக்கணும்."

அறிவுச்செல்வன் அசையவில்லை. வேறு யாரிடமோ சொல்வதாக இருக்குமோ என்று சுற்றிப் பார்த்தான். அறையில் அவனைத் தவிர வேறு யாரும் பேன்ட் போட்டிருக்கவில்லை.

"பாப்பாவுக்கு ஊசி?" என்றான் மெதுவாக.

"அஞ்சு வயசு ஊசி போன மாசமே போட்டாச்சு" என்றாள் தென்றல். "நீங்கதான் கொண்டாந்து விட்டீங்க. வண்டிய நிழல்ல நிறுத்தப் போனீங்க."

அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு எதற்காக வந்தோம் என்றுகூட அவன் கேட்கவில்லை. சளி என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

பேன்ட்டை மடித்தான். ராஜம்மாள் குனிந்து பார்த்து, நல்லவேளை அன்றைக்கே சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறீர்கள் என்றார். யார் புண்ணியத்தில் கழுவினோம் என்பது அவனுக்கு இப்போதுதான் புரிந்தது.

தென்றல் சொன்னாள். மாடிவீட்டு ஜோதியம்மாள் கிரிவலத்தில் அவனுக்கு நாலடி பின்னால்தான் வந்துகொண்டிருந்தாராம். அவன் நொண்டி நொண்டி வீட்டுக்கு வருவதற்குள் விஷயம் ஆட்டோ பிடித்து வந்துவிட்டதாம். நேரே கேட்டிருந்தால் நீங்கள் எந்த ரிக்கார்டு ரூமில் போய் உட்காருவீர்களோ என்று பயந்து கேட்கவில்லை என்றாள். நேற்று காலை அவன் ஆபீஸ் போன பிறகு தனியாக வந்து நர்ஸம்மாவிடம் கேட்டிருக்கிறாள். இன்னும் ஒரு நாளைக்குள் எப்படியாவது கூட்டிக்கொண்டு வா என்று அவர் சொன்னாராம்.

"பயப்படறது தப்பில்லங்க. எனக்குந்தான் எல்லாத்துக்கும் பயம்." அவள் அவனைப் பார்க்காமல் பேசினாள். "நாய் கடிச்சா தண்ணியப் பாத்தா பயம் வரும்னு ஸ்கூல்ல சிஸ்டர் சொல்லியிருக்காங்க. ரெண்டு நாளா நீங்க ஒவ்வொரு மொடக்கும் முழுங்கறவரைக்கும் எனக்கு உசுரு உசுரா இல்ல."

அவ்வளவு சீக்கிரமெல்லாம் வராதும்மா என்று ராஜம்மாள் சொன்னார். தென்றல் தலையாட்டினாள். அவள் கை இன்னும் அவன் தோளில்தான் இருந்தது. பேன்ட்டுக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக் குடித்த சொம்புகள் எல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. ஊசி வலி எங்கே போனதென்று தெரியவில்லை. அதற்குப் பதிலாக முகம் முழுக்க எரிந்தது. மடித்த பேன்ட்டை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டான்.

ராஜம்மாள் கையைக் கழுவிக்கொண்டே வந்தார். இன்னும் சில ஊசி பாக்கி இருக்கிறது, ஒன்றுகூட விடக்கூடாது என்றார். "அடுத்தது வெள்ளிக்கிழமை. யாரு கூட்டிட்டு வர்றீங்க?" அவனைத் தாண்டி தென்றலிடம் கேட்டார்.

"நானே வந்துடுவேன்" என்றான் அறிவுச்செல்வன். கலெக்டர் ஆபீஸில் பேசுகிற குரலில்தான் சொன்னான். அறையில் யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை.

கவிநிலா மடியிலிருந்து இறங்கி, வகுப்பில் பதில் தெரிந்தவள் போலக் கையைத் தூக்கினாள்.

"நான் கூட்டிட்டு வரேன் ஆன்ட்டி."

ராஜம்மாள் அப்பாவையும் பார்த்தார், மகளையும் பார்த்தார். பிறகு மகளிடம் சொன்னார்:

"சரி பாப்பா. உன்ன நம்பித்தான் அனுப்பறேன்."