ஜப்பானிலிருந்து இறக்குமதியான சவால்கள்

உலக வங்கித் தொழிலின் வரலாற்றை எழுத உட்காரும் எவரும் பேரணாம்பட்டைத் தாண்டிப் போக முடியாது. லண்டன், டோக்கியோ, பேரணாம்பட்டு என்ற வரிசையில் இதுவரை யாரும் எழுதவில்லை என்றால், அது வரலாற்றாசிரியர்களின் சோம்பேறித்தனம். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 'பாலாற்று வணிக வங்கி' என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது. பதவி, மக்கள் தொடர்பு அலுவலர். மக்களோடு எனக்குத் தொடர்பு எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தோல் வியாபாரிகள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த வங்கி இது. அந்தக் காலத்து மேனேஜர் தோல் பதனிடும் ஷெட்டுக்கே நேரில் போய், மூக்கைப் பிடித்துக்கொண்டு சரக்கைப் பார்த்து, நின்ற இடத்திலேயே கடனுக்குக் கையெழுத்துப் போடுவாராம். எவ்வளவு அநாகரிகம்! அந்த அநாகரிகத்தில்தான் ஊரில் பாதித் தொழில் முளைத்தது என்ற சங்கடமான விஷயத்தை ஆண்டு மலரில் இரண்டே வரியில் முடித்துவிட்டேன்.

எங்கள் பொற்காலம், தலைவர் தணிகைவேல் ஜப்பானுக்குப் போய் வந்த பிறகுதான் தொடங்குகிறது. மலையோரத்துச் சிற்றூர் வங்கி ஒன்றை 'ஆய்வு' செய்துவிட்டுத் திரும்பியவர், கூட்டத்தில் பேசும்போது கண் கலங்கினார்.

"அங்க பேங்க்குன்னா கோயில் மாதிரி இருக்குதுய்யா. சத்தமே இல்ல. ஊர்ல எல்லாருக்கும் வயசாயிடுச்சு, பசங்க டோக்கியோ போய்ட்டாங்க. டெபாசிட் கொட்டிக் கெடக்குது, லோன் கேக்கத்தான் ஆளில்ல. வாராக்கடன் சுத்தமா கெடையாது."

"எப்டி சார்?" என்றார் கிளை மேனேஜர் மதியழகன்.

"கடனே கெடையாதேய்யா!"

கூட்டம் கைதட்டியது. தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதையெல்லாம் அவங்க 'சவால்'னு சொல்றாங்க. அந்த மாதிரி சவால் நம்மகிட்ட ஒண்ணாச்சும் இருக்குதா?"

மதியழகன் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "இல்ல சார். நம்ம கிளையில லோன் கேட்டு ரோடு வரைக்கும் நிக்கிறாங்க. அதுலயும் சின்ன வயசுக்காரங்கதான் ஜாஸ்தி."

"இத வெளியில சொல்லாத. அசிங்கம்."

அன்றே 'சவால் ஈட்டும் குழு' அமைக்கப்பட்டது. குழுவின் முதல் ஆணைப்படி, உலகத்துக்கே ஷூ தைத்துத் தரும் ஊரில் எங்கள் வங்கிக்குள் மட்டும் வெறுங்காலோடுதான் வர வேண்டும். இரண்டாவது ஆணை, கடன் இல்லை என்று சொல்லும்போது இடுப்பை வளைத்து வணங்க வேண்டும் என்றது. கேட்ட தொகை பெரிதானால் வளைவும் பெரிதாக வேண்டும். இதில் மதியழகனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதை ஊழியர் அர்ப்பணிப்பு என்ற தலைப்பில் பதிவு செய்திருக்கிறேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் சோபனா வந்தாள். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கும் சின்னப் பட்டறை அவளுடையது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர் அங்கே வேலை செய்தார்கள். கம்பெனி ஆர்டரை இரட்டிப்பாக்கிவிட்டது. இன்னும் இரண்டு தையல் மிஷின் வாங்கினால் ஆர்டர் கையில் நிலைக்கும். வாங்காவிட்டால் பழைய ஆர்டரும் போய், பட்டறையை மூட வேண்டியதுதான்.

தலைவர் அவளை மரியாதையோடு உட்கார வைத்தார். "ஜப்பான்ல பெரிய சவாலே தொழிலுக்கு வாரிசு இல்லாததுதாம்மா. உனக்கப்புறம் பட்டறைய யார் பாத்துப்பாங்க?"

"எனக்கப்புறமா? எனக்கு முப்பது வயசுதான் சார் ஆவுது."

"வாரிசு யாரு?"

"ஒரே பொண்ணு. பூங்குழலி. மூணாவது படிக்கிறா."

மறுநாள் பூங்குழலி பள்ளிச் சீருடையில் குழுவின் முன் நேர்காணலுக்கு வந்தாள்.

"பெரியவளாயி இன்னாம்மா பண்ணப்போற?" என்று கேட்டார் தலைவர்.

"ஐஸ் வண்டி வெப்பேன்."

"ஷூ தைக்க மாட்டியா?"

"ம்ஹூம். ஐஸ் வண்டில பெல் இருக்கும்."

குழுவினர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். 'இரண்டாம் தலைமுறைக்குத் தொழிலில் நாட்டமில்லை' என்று குறிப்பெழுதி, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எங்களுக்கு வாய்த்த முதல் அசல் ஜப்பானியச் சவால் அது! தலைவர் தமது கையாலேயே குழந்தைக்கு மிட்டாய் கொடுத்தார்.

"இன்னா சார் பேஜாரு இது?" சோபனா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "கொழந்த சொல்றதக் கேட்டா லோன் தருவீங்க? பட்டறைக்கு வந்து ஒரு தடவ வேலையப் பாருங்க சார். பத்துப் பொண்ணுங்க என்ன நம்பி இருக்காங்க."

மதியழகன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வணங்கினார்.

அடுத்த மாதம் ஆர்டர் கைமாறியது. சோபனா இருந்த மிஷின்களையும் விற்றாள். விற்ற பணத்தை எடுத்துக்கொண்டு, செருப்பை வாசலில் விட்டுவிட்டு, டெபாசிட் போட எங்களிடமே வந்தாள். அவளுக்கு வேறு வங்கியில் கணக்கு இல்லை. தலைவர் அறையை விட்டு ஓடிவந்து, தரையைத் தொடுமளவுக்கு வளைந்தார். கடன் கேட்டவள் டெபாசிட்காரியாகிவிட்டாள்! ஜப்பான்காரர்கள் பார்த்தால் பொறாமைப்படுவார்கள்.

"நீங்க ஏன் சார் கும்புடுறீங்க?" என்றாள் சோபனா. "கடன் குடுக்கும்போது கும்புட வேண்டியது நாங்க. நீங்கதான் எதையுமே குடுக்கலியே."

அதற்குள் தலைவரின் கவனம் ஜன்னல் பக்கம் போய்விட்டது. எதிரே பஸ் ஸ்டாப்பில் பெண்கள் சிலர் பைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

"யாருய்யா அவங்க?"

"இந்தம்மா பட்டறையில வேல செஞ்ச பொண்ணுங்க சார்," என்றார் மதியழகன். "ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில எடுத்துக்கிட்டாங்களாம். இனிமே ஹாஸ்டல் வாசந்தான்."

"எல்லாம் சின்ன வயசா?"

"ஆமா சார்."

"சபாஷ்! பசங்க ஊர விட்டுப் போற சவாலும் வந்துடுச்சு!"

ஆண்டு மலரின் கடைசிப் பக்கத்துக்காக நான் எழுதி வைத்திருப்பது இது: ஜப்பான் வங்கி இந்த உயரத்தை அடைவதற்கு, அந்த ஊரில் பிள்ளைகள் பிறப்பதே நிற்க வேண்டியிருந்தது. தெருவெல்லாம் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்கும் ஊரிலேயே அதை நாங்கள் சாதித்துக் காட்டினோம்.