வாக்கர் வம்சத்து வரலாறு

பறவைகளில் மயில் எப்படியோ, மனிதர்களில் குடும்பப்பெயர்க்காரர் அப்படி. பின்னால் தொங்குவதை விரித்துக் காட்டாமல் இருவராலும் இருக்க முடியாது. மயிலுக்காவது அது சொந்த உடம்பில் முளைத்தது.

இந்த இனம் ரங்கூனில் வாழ்வதுதான் வேடிக்கை. இங்கே லட்சக்கணக்கான பர்மியர்கள் குடும்பப்பெயர் என்ற ஒன்றே இல்லாமல் பிறந்து, படித்து, காதலித்து, பிள்ளை பெற்று, நிம்மதியாகச் செத்தும் போகிறார்கள். அப்பா தின் மௌங், மகன் சோ வின், மகள் கின் தந்தா. யார் யாருடைய பிள்ளை என்று எந்த வீட்டிலும் குழப்பம் வந்ததாகக் கேள்வியில்லை. இந்த ஊரில் நம்மவர் ஒருவர், வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போய் அரை நூற்றாண்டு ஆனபிறகும், அவன் விட்டுப்போன பெயருக்குத் தினமும் பாலிஷ் போட்டுக்கொண்டிருக்கிறார்.

தின்கன்ஜூனில் குடியிருக்கும் மைக்கேல் வாக்கரைப் பாருங்கள். கப்பல் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். 'மைக்கேல்' என்பதை மெல்லிய குரலில் சொல்வார். ஒரு இடைவெளி விடுவார். தொண்டையைச் செருமிக்கொண்டு, கோயில் மணி அடிப்பதுபோல, 'வாக்கர்' என்பார். அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு விஸ்கிப் புட்டி நினைவுக்கு வந்தால் சிரித்துவிடாதீர்கள். அதற்கும் அவரிடம் கதை இருக்கிறது, அது முடிவதற்குள் கடைசி பஸ் போய்விடும்.

மற்ற கதைகளையும் நீங்கள் கேட்டாக வேண்டும். ஸ்காட்லாந்துப் பக்கம் ஒரு கோட்டையாம். கோட்டையைச் சுற்றி எப்போதும் பனியாம். குதிரை தளர்ந்து விழுந்தபோதும் தளராமல், நடந்தே போய் நாடு பிடித்தவர்களுக்கு ராஜா கொடுத்த பட்டமாம் அது. "இங்கிலாந்துலயே நாலஞ்சு குடும்பத்துக்குத்தான் இந்தப் பேரு," என்பார், மீன்சாறு ஊற்றிய மொஹிங்காக் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு. "சும்மா எல்லாருக்கும் குடுத்துர மாட்டாங்க."

உண்மை என்னவென்றால், பசுந்தாங் ஆற்றோரம் இருந்த ஓர் அரிசி ஆலையின் மேனேஜர் துரைக்கு வாக்கர் என்று பெயர். அவருக்குச் சமைத்துப் போட்டவர் நம்மவரின் பாட்டனுக்குத் தகப்பன். ஞானஸ்நானம் வாங்கியபோது துரையின் பெயரையும் வாங்கிக்கொண்டார். துரை ஊருக்குக் கப்பலேறும்போது சமையற்காரருக்கு வேறு எதையும் விட்டுப்போகவில்லை. பெயர் கொடுக்கச் செலவில்லை அல்லவா? அந்தச் சமையற்காரருக்கு அவருடைய தாய் வைத்த பெயர் என்ன என்று மைக்கேல் வாக்கரிடம் கேட்டுப் பாருங்கள். தெரியாது. கோட்டைக்கு எத்தனை வாசல் என்பது தெரியும்.

இதுவரை அவர் நமக்கு வேடிக்கை மனிதர்தான். வீட்டில் கல்யாணப் பேச்சு எடுத்துப் பாருங்கள், அப்போது பல் தெரியும்.

அவருடைய மகள் ஜெசி, பள்ளிக்கூட டீச்சர். அவள் கட்டிக்கொள்ள விரும்பியது பசுந்தாங்கில் லாண்டரி நடத்தும் சகாயராஜை. ஒரே கோயில், ஒரே பூசை, கூடவே பாட்டுக் குழுவில் பத்து வருடப் பழக்கம். பையனிடம் குடி இல்லை, வாயில் வெற்றிலை இல்லை. வேறென்ன வேண்டும்?

"நல்ல பையன்தான்," என்றார் நம்மவர். "ஆனா பேருக்குப் பின்னால ஒண்ணுமில்லையே."

"பேருக்குப் பின்னால என்னங்க வேணும், வாலா?" என்றாள் மனைவி அமலி.

"உனக்குப் புரியாது. அவங்க தாத்தா காலத்துலேர்ந்தே துணி துவைக்கிறவங்க. நாம வாக்கர்."

கேட்டீர்களா? சாதிக்குக் கால்சட்டை மாட்டி, தொப்பி வைத்து, ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேசப் பழக்கிவிட்டால் அதற்குப் பெயர் குடும்பப்பெயர். ஜெசி தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "டாடி, நீங்க சம்மதிக்காம நான் ஓடிப்போக மாட்டேன். ஆனா வேற யாரையும் கட்டவும் மாட்டேன்." அதன்பிறகு அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையில் தட்டுகள் மட்டும்தான் சத்தம் போட்டன.

அமலி விடாப்பிடியாக நின்று, பையனும் அவன் தாய் சவரியம்மாவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து முறைப்படி பெண் கேட்கட்டும் என்று ஏற்பாடு செய்தாள். கேட்கட்டும், மறுத்துவிடலாம் என்று நம்மவரும் ஒத்துக்கொண்டார். அந்த ஞாயிறு காலையில் அவருக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பூசைக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்திருந்தார். இங்கிலாந்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்று, புத்தர் பகோடாக்களைப் பார்க்க வந்தவர். பெயர் டேவிட் வாக்கர்.

நம்மவர் அந்த மனிதரின் கையைப் பிடித்தவர் விடவில்லை. "நாம் உறவினர்கள்," என்று ஆங்கிலத்தில் அறிவித்து, வாடகைக் காரில் ஏற்றி வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். திட்டம் புரிகிறதா? லாண்டரிக்காரர்கள் எதிரிலேயே, கோட்டைக்குச் சொந்தமான ஆசாமியின் வாயாலேயே, வம்சத்தின் பெருமையைச் சொல்ல வைக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டுத் தாயும் மகனும் தாமாகவே எழுந்து போய்விட வேண்டும்.

எல்லோரும் டான்பவுக் பிரியாணிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். நம்மவர் தொண்டையைச் செருமினார். நம் பெயரின் வரலாற்றை இவர்களுக்குக் கொஞ்சம் விளக்குங்கள் என்று விருந்தாளியை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டார்.

டேவிட் உற்சாகமாகிவிட்டார். வாத்தியார் அல்லவா? கையை ஆட்டி, மேசைக்கு அடியில் காலையும் ஆட்டி, நீளமாகச் சொன்னார்.

"என்னங்க சொல்றாரு?" என்றாள் அமலி.

"நடந்தே போய் நாடு பிடிச்சாங்களாம்," என்றார் நம்மவர். முகத்தில் ரத்தமில்லை.

"டாடி," என்றாள் ஜெசி, "அவர் அப்படிச் சொல்லலையே." தாயின் பக்கம் திரும்பினாள். "கம்பளித் துணி நெய்வாங்கல்ல, அதைத் தொட்டியில போட்டு, ஏறி நின்னு காலால மிதிச்சு, அழுக்கும் எண்ணெயும் போக்குறவங்களுக்குத்தான் வாக்கர்னு பேராம். சோப்பு இல்லாத காலத்துல அதுல மூத்திரம் ஊத்தி மிதிப்பாங்களாம்."

சகாயராஜ் தன் தட்டில் இருந்த கோழித்துண்டை மிகுந்த மரியாதையோடு பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பை அடக்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

நம்மவர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். ஆனால் அரிதான பெயர் அல்லவா, என்றார் ஆங்கிலத்தில். டேவிட் வாய்விட்டுச் சிரித்தார். ஒரே வகுப்பில் மூன்று வாக்கர்களை வைத்துக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறாராம். கல்லை எறிந்தால் ஒரு வாக்கர் மேல்தான் விழுமாம். ஜெசி இதையும் மொழிபெயர்த்தாள்.

அதுவரை வாய் திறக்காத சவரியம்மா அப்போதுதான் கேட்டாள்: "இன்னும் கால்லதான் மிதிக்கிறாங்களா, பாவம்? நாங்க மெஷின் போட்டு ரொம்ப வருஷமாச்சே."

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இத்தனையும் சொல்லிவிட்டு டேவிட் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். தன் முன்னோர் துணி மிதித்ததைச் சொல்ல அவருக்கு ஒரு கூச்சமும் இல்லை. நம் கதை வேறு. தொழில் மாறும், பெயர் மாறும், மதம் மாறும், கடல் தாண்டி நாடே மாறும். அடுத்தவன் தொழிலைப் பார்த்து முகம் சுளிக்கும் அந்த வழக்கம் மட்டும் கப்பலில் நமக்கு முன்பே ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொள்ளும்.

நம்மவரிடம் மறுப்பதற்குக் காரணம் எதுவும் மிச்சமில்லை. பழம் வந்தது, காப்பி வந்தது. காப்பி ஆறும்வரை பார்த்திருந்து, "சரி," என்றார். ஜெசி எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். உள்ளே அவள் அழுததாக அமலி பிறகு சொன்னாள். சந்தோஷத்தில்தானாம்.

குடும்பப்பெயர்க்காரர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் நீங்கள் இந்த இனத்தை அறியாதவர். கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்த அன்று வாசற்படியில் நின்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்களுது நூற்றாண்டு நூற்றாண்டா துணித் தொழில் பண்ணின குடும்பம். மாப்பிள்ளையும் அதே தொழில். வம்சப் பொருத்தம் பாத்துத்தான் குடுக்கிறேன்."

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் பெயருக்குப் பின்னால் எந்தத் துரையும் தொங்கவில்லை என்ற தைரியம். ஒரே ஒரு சந்தேகம். புதிதாக ஒரு தமிழரைச் சந்தித்தால், "பூர்விகம் எந்த ஊர்?" என்று விசாரிப்பீர்கள். அவர் ஊரைச் சொல்வார். அதோடு விடமாட்டீர்கள். "அந்த ஊர்ல எந்தத் தெரு?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பீர்கள். தெருவைத் தெரிந்துகொண்டு என்ன, கடிதமா போடப் போகிறீர்கள்?