விலை பேசுமுன் வைத்த பொட்டு

பொருள் வாங்குகிறவர்கள் பலவகை. பேரம் பேசி வாங்குகிறவர், மணிக்கணக்கில் பேரம் பேசிவிட்டு வாங்காமல் போகிறவர், பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவிட்டாரே என்பதற்காக வாங்குகிறவர். இவர்களையெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் வாங்குவதற்கு முன்பே உரிமையாளர் ஆகிவிடுகிற ஒருவர் இருக்கிறாரே, அவரைக் கவனித்திருக்கிறீர்களா? முன்கூட்டிய முதலாளி என்று அவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். அவரிடம் கார் இருக்காது. எந்த பங்க்கில் பெட்ரோல் சுத்தமாக இருக்கும் என்று கார் வைத்திருப்பவருக்கே சொல்லித் தருவார். ஃபிரிட்ஜ் இன்னும் கடையில்தான் இருக்கும். பக்கத்து வீட்டு மாவை அதில் வைக்க விடுவதில்லை என்று இன்றைக்கே முடிவெடுத்துவிடுவார். பெண் பார்க்கவே போயிருக்கமாட்டார்; மாமியார் வீட்டு சாம்பாரில் உப்பு கம்மி என்பார்.

செஞ்சியில் இந்த வகைக்கு இன்றைய தேதியில் தலைவர் தேவேந்திரன். திண்டிவனம் ரோட்டில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். வீட்டில் முதல் பட்டதாரி. சில வருஷம் ஷார்ஜா துறைமுகத்தில் ஒரு கம்பெனியில் கணக்கெழுதிவிட்டுத் திரும்பியவர். அங்கே ஆபீஸ் ஜன்னல் வழியாக தினமும் வெள்ளை வெள்ளையாக யாட்டுகள் தெரியும். மேலே பாய்மரமும் உள்ளே படுக்கையும் சமையலறையும் உள்ள உல்லாசப் படகுகள். வேறு யாராவது என்றால் பார்த்தோம், வந்தோம் என்று விட்டிருப்பார்கள். இவர் போன மாதம் போனில் ஒரு விளம்பரம் பார்த்தார். புதுச்சேரியில் ஒருவர் தன் பழைய சின்ன யாட்டை விற்கிறாராம். அவ்வளவுதான். பார்த்த நிமிஷமே அது தேவேந்திரனுடையது.

செஞ்சிக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சுற்றிலும் பாறை. ஆற்றில் தண்ணீர் வந்தால் பாலத்தில் நின்று செல்ஃபி எடுக்கிற ஊர். அதனால் என்ன? படகே இல்லாமல் படகு வைத்திருப்பவருக்குத் தண்ணீர் எதற்கு?

கூட்ரோடு டீக்கடையில் சிநேகிதர் ஆதிமூலத்திடம் அவர் அலுத்துக்கொண்டதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

"உப்புக் காத்துல இரும்பு எதுவும் தாங்க மாட்டேங்குது மச்சான். நம்ம யாட்டுக்கு மெயின்டனன்ஸ்தான் பெரிய டென்ஷன்."

"வாங்கிட்டியா?"

"இல்ல, ஞாயித்துக்கிழமைதான் பாக்கப் போறேன்."

"பாக்காத போட்டுக்கு இன்னாடா டென்ஷன்?"

"வச்சிருக்கறவனுக்குத்தான் மச்சான் அது தெரியும்."

ஆதிமூலம் கொஞ்சம் தயங்கி, "என்னையும் ஒரு ரவுண்டு ஏத்திக்கினு போவியா?" என்றார்.

"ஆறு பேர்தான் ஏறலாம். ஃபுல் ஆயிடுச்சே."

ஆதிமூலம் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்.

வீட்டில் வேறு பிரச்சினை. அம்மா சின்னப்பொண்ணுவுக்கு யாட் என்றால் என்ன என்று விளங்கியதோ இல்லையோ, அதற்குப் பூஜை உண்டு என்பது மட்டும் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது.

"வண்டின்னா டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சி ஏத்துவாங்க. இதுக்கு டயரே இல்லன்றியே, எங்கடா வெப்ப?"

"முன்னாடி வெக்கலாம்மா."

"தண்ணில உருண்டு வுழுந்துட்டா?"

தேவேந்திரன் யோசித்தார். "பழம் கூட ரெண்டு எடுத்துக்கினு போறேன்."

இதையெல்லாம் கேட்டுக்கொண்டு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவர் மனைவி கலைச்செல்வி. தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். "விக்கிறவர் மூஞ்சியக்கூட பாக்கல, அதுக்குள்ள நம்ம யாட்டாம். வேற யாராவது வாங்கிட்டா ஊர்ல எப்புடித் தலை காட்டுவீங்க?"

நியாயமான கேள்வி. சென்னைக்காரர் ஒருவரும் அதே ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார், இருவரில் ஒருவருக்குச் சாயந்திரத்துக்குள் முடித்துவிடுவேன் என்று விற்பவர் போனிலேயே சொல்லியிருந்தார். இங்கேயோ டீக்கடை, நெல் ஏலம் விடுகிற கமிட்டி, கலைச்செல்வியின் ஸ்டாஃப் ரூம் என்று எல்லா இடத்துக்கும் சேதி போயாகிவிட்டது. படகு கைநழுவினால் தேவேந்திரன் கடை ஷட்டரைத் திறக்கவே முடியாது.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது? அவருடைய நைனா ஆயுசு முழுக்க அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, களை எடுத்தவர். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால், "நம்ம கொல்லையில காய் நல்லா புடிச்சிருக்குது" என்பார். பட்டா யார் பேரில் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார். வீட்டில் யாரும் திருத்தவில்லை. வாயால் மட்டும் வைத்துக்கொள்ளக்கூடிய சொத்துக்குச் சான்றிதழ் கேட்க எந்த ஆபீசும் இல்லை. அதைத்தான் மகன் படகு வரைக்கும் கொண்டுபோனார் என்று சொல்லத் தோன்றுகிறது. அப்படிச் சொல்வது சரிதானா என்றும் தோன்றுகிறது. ஏனென்றால் நைனா எந்தக் கொல்லைக்கும் மாலை போட்டதில்லை.

மகன் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை புதுச்சேரி படகுத்துறையில் விற்பவர் கோவிந்தசாமி காத்திருந்தார். பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முட்டி வலியில் ஏறி இறங்க முடியவில்லை என்றுதான் விற்கிறார். "அதோ நிக்குது பாருங்க. வீடு பக்கத்துலதான், சாவியை மறந்துட்டேன். எடுத்தாறேன்" என்று போனார்.

அவர் தலை மறைந்ததும் தேவேந்திரன் செருப்பைக் கழற்றிவிட்டு, கூட வந்திருந்த கலைச்செல்வியோடு படகில் ஏறினார். பையைத் திறந்தார். செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வாங்கிய சாமந்தி மாலை பாய்மரத்தில் ஏறியது. முன்பக்கம் சந்தனத்தால் மூன்று கோடு, நடுவில் ரூபாய் நாணயம் அளவுக்குக் குங்குமம். எலுமிச்சம்பழம் ஒன்று உருண்டு தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது நின்றது.

"விலையே பேசல" என்றார் கலைச்செல்வி.

"நல்ல நேரம் முடியப் போவுது."

அந்த நேரம் பார்த்துக் கரையில் ஒரு கார் வந்து நின்றது. சென்னைக்காரர். மாலையைப் பார்த்தார், குங்குமத்தைப் பார்த்தார், படகில் ஜோடியாக நிற்பவர்களைப் பார்த்தார். இறங்கவே இல்லை. போனில் யாரிடமோ கத்தினார், காரைத் திருப்பினார், போய்விட்டார்.

கோவிந்தசாமி மனைவி மீனம்பாளோடு மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். ஒரு கையில் சாவி, ஒரு கையில் போன். "வித்துட்டு எதுக்கு சார் என்னை வரச் சொன்னீங்கன்னு கேக்கறான்! யாரைக் கேட்டு இதுக்குப் பொட்டு வச்சீங்க?" என்று படகில் காலை வைத்தார். தேவேந்திரன் பதறிப்போனார்.

"சார், சார்! செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க. பூஜை போட்டிருக்குது."

"என் போட்டுல ஏற நான் செருப்பைக் கழட்டணுமா?"

கலைச்செல்வி இடையில் புகுந்தார். "கோவிச்சுக்காதீங்க சார். நம்ம போட்டுன்னா அவருக்கு எப்பவுமே..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நம்ம போட்டா? உங்களுக்கு விக்கறதாவே இல்ல. எறங்குங்க மொதல்ல!" கோவிந்தசாமி கைக்குட்டையை உருவிக்கொண்டு குங்குமத்தை நோக்கிக் குனிந்தார்.

  கூட்ரோடு முழுவதும் வரிசையாக நின்று "இன்னா தேவா, உன் யாட் இன்னா ஆச்சு?" என்று கேட்பது தேவேந்திரன் காதில் விழுந்தது. ஆதிமூலத்தின் குரல் தனியாகக் கேட்டது.

"கையை எடுங்க!"

சொன்னது மீனம்பாள். "வச்ச பொட்டை அழிப்பீங்களா? அதுவும் நான் எதிர்ல நிக்கறப்ப?"

"போட்டுக்கு ஏதுடி பொட்டு?"

"வச்சாச்சு இல்ல? இனிமே அது இருக்குது. தொட்டீங்கன்னா நான் இப்படியே எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன்."

கைக்குட்டை அந்தரத்தில் நின்றது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்து கோவிந்தசாமியின் கழுத்தைத் துடைத்தது. மாலையை அண்ணாந்து பார்த்தார். இத்தனை வருஷம் வைத்திருந்தும் அவர் அதற்கு ஒரு பூ வைத்ததில்லை போலும். சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினார்.

விலை உடனே படிந்தது. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. சாவியைக் கொடுத்த கை சாவியை விடவில்லை.

"தம்பி, கயித்தை இடப்பக்கமாத்தான் சுத்தணும். உள்ள மீன் வறுக்கக் கூடாது, வாசனை போகாது. ஞாயித்துக்கிழமைல நான் ஒரு நடை வந்து பாத்துட்டுப் போவேன். நம்ம போட்டு, பாருங்க."

 வாங்குவதற்கு முன்பே முதலாளி ஆனவர் தன் வாழ்நாளில் முதல்முறையாக, விற்ற பிறகும் முதலாளியாக இருப்பவரைச் சந்திக்கிறார். அவரிடம் இருந்து சாவியைப் பிடுங்கத்தான் வேண்டியிருந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அவர் சாவியை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தார். உண்மையாகவே தன்னுடையதாகிவிட்ட ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்குப் பழக்கமில்லை. திண்டிவனம் தாண்டியதும் தெளிந்தார். ஆதிமூலத்துக்குப் போன் போட்டார்.

"வாங்கியாச்சு மச்சான். நீயும் வா, எடம் பண்ணிக்கலாம்."

"சூப்பர்டா! எங்க ஓட்டப் போற?"

"அந்தமான் பக்கம் சின்னதா ஒரு தீவு விலைக்கு வருதாம். இப்பதான் போன்ல பாத்தேன். எல்லாம் சரி, ஆனா நம்ம தீவுல நல்ல தண்ணிதான் பெரிய கஷ்டம்."

கலைச்செல்வி கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் மூடிய கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "தீவுலயாவது உங்க அம்மாவுக்குத் தனி ரூம் போடுங்க."

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் அடுத்த முறை நீங்கள் பஸ்ஸில் போகும்போது, சாலையோரம் கல் நட்டு, கலர்க் கொடி கட்டிய காலி மனை ஒன்று வரும். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "கிச்சன் இந்த மூலையில வந்துடும். ஆனா எதிர் வீட்டுக்காரன் வண்டியை நம்ம வாசல்லதான் நிறுத்துவான்" என்று பக்கத்தில் இருப்பவரிடம் குறைப்படாமல் அதைக் கடந்து காட்டுங்கள். எதிர் மனையில் அப்போது ஆடு மேய்ந்துகொண்டிருக்கும்.