நீளத் திரி வைத்த யார்க்கர்

"நீங்களே உங்க கையால பத்த வைக்கணும் தம்பி. நம்ம கம்பெனிக்கு அது ஒரு கௌரவம்" என்றார் பட்டாசுக் கம்பெனி முதலாளி கனகசபாபதி அண்ணாச்சி.

மாரிக்கண்ணன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

மேசைமேல் அந்தப் பெட்டி இருந்தது. 'மாரி யார்க்கர்' என்று தங்க நிற எழுத்து. பந்து வீசத் துள்ளியெழும் அவனுடைய படம். மூலையில் சின்னதாக 'அதிக சத்தம்'. இந்திய அணியின் வேகப்பந்து வீச்சாளர் சொந்த ஊர் வெடிக்குப் பெயர் கொடுத்தால் பொருத்தமாக இருக்கும் என்று சொல்லித்தான் அவனுடைய ஏஜெண்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கியிருந்தார். பெயரும் படமும் கொடுத்தால் போதும் என்று மாரிக்கண்ணன் நினைத்திருந்தான். தீபாவளிக்கு முதல் நாள், இதே நாரணாபுரத்தில் கம்பெனி மைதானத்தில், ஊரும் டிவிக்காரர்களும் பார்க்க அதில் ஒன்றை அவனே வெடிக்க வேண்டும் என்பது இப்போதுதான் தெரிந்தது. விழா நாளை மறுநாள்.

சிக்கல் இதுதான்: மாரிக்கண்ணனுக்கு வெடி என்றால் பயம்.

நம்புவதற்குக் கொஞ்சம் கஷ்டம்தான். பெர்த் மைதானத்தில் விலாவில் பந்தடி வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் முதல் ஓவரை வீசியவன் அவன். ஆனால் எங்கேயாவது ஓர் ஓலை வெடி வெடித்தால்கூட அவன் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வான்.

அணி ஜெயித்தால் மைதானத்தில் வாணவேடிக்கை உண்டு. அதனால் கடைசி விக்கெட் விழுந்ததும் அவன் கழிப்பறைக்குள் இருப்பான். கோப்பையோடு அணி நிற்கும் எந்தப் படத்திலும் அவன் இல்லை. 'புகழைத் தேடாத பிள்ளை' என்று வர்ணனையாளர்கள் உருகினார்கள். சிக்ஸர் போனால் எல்லைக்கோட்டில் நெருப்பு சீறும் லீக் போட்டிகளில், எல்லைக்கோட்டுப் பக்கமே போகாமல் பந்து வீசுபவருக்குப் பக்கத்து மிட்-ஆன் இடத்தைப் பிடித்துக்கொள்வான். 'சக பந்துவீச்சாளருக்குத் துணையாக நிற்கிறார்' என்று அதற்கும் பாராட்டு வந்தது.

விஷயம் மனைவி எழிலுக்கு மட்டும்தான் தெரியும். அவள் திருச்சிக்காரி. ஊரில் ஒருவருக்கும் தெரியாமல் இத்தனை வருஷம் காப்பாற்றியதில் மாரிக்கண்ணனுக்கு உள்ளூரப் பெருமை. அது பெரிய கஷ்டமாகவும் இருக்கவில்லை. சிறு வயதில் தீபாவளி வந்தால் அம்மா அவனை ஆலங்குளத்துப் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். பெரியம்மாவுக்கு அவன்மேல் அவ்வளவு பிரியம். அம்மா காலமான பிறகும், ஆட்டம் இல்லாத வருஷங்களில் தீபாவளிக்கு அவன் ஊருக்கு வருவதுண்டு. தெருவில் ஒரு வெடி வெடிக்காது. வருஷம் முழுக்க வெடியோடு கிடக்கிற சனம், பண்டிகையன்றாவது காதுக்கு ஓய்வு கொடுக்கிறது என்று அவன் புரிந்துகொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, எனக்குக் காதுல கொஞ்சம் இன்ஃபெக்ஷன். பெரிய சத்தம் ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு" என்றான்.

"அடடா" என்றார் அண்ணாச்சி. போய்விட்டார்.

மறுநாள் காலையில் காது டாக்டரோடு வந்தார். சிவகாசியிலிருந்து தன் காரிலேயே கூட்டி வந்திருந்தார். டாக்டர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்தார்.

"பச்சப்புள்ள காது மாதிரி சுத்தமா இருக்கே! யாரு சொன்னா இன்ஃபெக்ஷன்னு?"

"பாத்தீகளா தம்பி? நல்ல சேதி!" என்றார் அண்ணாச்சி. "டாக்டரு, காபி சாப்பிடுங்க."

அடுப்படியில் எழில் கிசுகிசுத்தாள். "காதுன்னா டார்ச் அடிச்சுப் பார்த்திருவாங்க. தோள் வலின்னு சொல்லு. அதுக்குள்ள யாரும் எட்டிப் பார்க்க முடியாது."

அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. மாரிக்கண்ணன் வெளியே வந்து, வலது தோளைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்தான்.

அண்ணாச்சியின் கண் கலங்கிவிட்டது. "பந்து போடுற கையாச்சே! சொல்லவே இல்லையே தம்பி!" என்றவர், காரில் ஏறுவதற்குள் தன்னுடைய எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் 'நம்ம தம்பியின் தோள் குணமாக வேண்டுவோம்' என்று போட்டுவிட்டார். மத்தியானம் டிவியில் ஓடியது: 'மாரிக்கண்ணன் தோளில் காயம்? ஆஸ்திரேலியப் பயணம் சந்தேகம்!'

சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தபோது போன் வந்தது. அணியின் பிசியோ. சென்னைக்காரர்.

"என்னப்பா தோளு? எங்கிட்ட சொல்லவே இல்ல?"

"சார், ஒண்ணும் இல்ல சார். நல்லா இருக்கு."

"நல்லா இருக்கா? டிவில ஒரு பட்டாசு முதலாளி தேம்பித் தேம்பி அழறாரு. நாளைக்கு சாயங்காலம் டூருக்கு டீம் எடுக்கறாங்க. முதுகு ஆபரேஷன்னு ஏற்கெனவே ரெண்டு சீரிஸ் உக்காந்துட்ட. இதுலயும் சந்தேகம்னா உன் இடத்துல வேற ஆளைப் போட்டுருவாங்க. அதோட நீ மைக் புடிச்சு வர்ணனை பண்ணவேண்டியதுதான்."

மாரிக்கண்ணன் தட்டைத் தள்ளி வைத்தான். "நான் என்ன சார் செய்யணும்?"

"நாளைக்கு ஏதோ விழாவாமே? லைவ் போகுதாமே? தெம்பா போயி அந்த வெடியைப் பத்த வை. செலக்டருங்க கண்ணால பார்க்கட்டும்."

போனை வைத்துவிட்டு மாரிக்கண்ணன் எழிலைப் பார்த்தான். எழில் ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்த வச்சுத்தான் ஆகணும் போல" என்றாள்.

வேறு வழி இல்லை. ஓடித் தப்பிக்க நேரம் கிடைத்தால் போதும் என்று கணக்குப் போட்டு, அவனே அண்ணாச்சிக்குப் போன் செய்தான்.

"அண்ணாச்சி, தோள் சரியாயிருச்சு. நானே பத்த வைக்கேன். திரி மட்டும் கொஞ்சம் நீளமா வேணும்."

"எம்புட்டு நீளம்?"

"உங்களால எம்புட்டு முடியுமோ அம்புட்டு."

"அந்தச் சின்ன வெடிக்கு அம்புட்டு நீளம் தாங்காதே. சரி, தம்பி ஆசப்பட்டுக் கேக்கீக. தனியா ஒண்ணு ஸ்பெஷலா செய்யச் சொல்லுதேன்."

விழா மைதானத்தில் அந்த ஸ்பெஷலைப் பார்த்தபோது மாரிக்கண்ணன் இரண்டடி பின்வாங்கினான். தேங்காய் அளவில், சணல் சுற்றி, ஒரு முக்காலிமேல் உட்கார்ந்திருந்தது. திரி பூனை வால் நீளத்துக்குத் தொங்கியது.

"திரிக்குத் தக்கன வெடி!" என்றார் அண்ணாச்சி.

"நீ வாயையே திறக்காம இருந்திருக்கலாம்" என்றாள் எழில், கணவனின் காதுகளில் பஞ்சை அடைத்தபடி. அதன் பிறகு அவனுக்கு எதுவும் கேட்கவில்லை. அண்ணாச்சி மைக்கில் பேசுவதும், கேமராக்கள் நெருங்குவதும், முன்வரிசையில் பக்கத்து வீட்டு மாடத்தி அத்தையும் அவளோடு கம்பெனியில் வெடி உருட்டும் பெண்களும் சிரித்துக்கொண்டே கைதட்டுவதும் ஊமைப் படம் போலத் தெரிந்தன.

யாரோ ஓர் ஊதுபத்தியைக் கையில் கொடுத்தார்கள். மாரிக்கண்ணன் ஆஸ்திரேலியாவை நினைத்துக்கொண்டான். கையை முடிந்தவரை நீட்டினான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். திரி முனையில் பொறி ஏறியது.

அவன் ஓடினான்.

பத்து வருஷமாகப் பந்து வீச ஓடிய ஓட்டமெல்லாம் இதற்கான பயிற்சிதானோ என்று தோன்றும்படி ஓடினான். மைக் ஸ்டாண்டு சரிந்தது. ஒரு நிருபர் பந்தல் காலைக் கட்டிக்கொண்டார். கம்பெனிச் சுற்றுச்சுவர் எதிரே வந்தது. வலது கையை அதன்மேல் ஊன்றி ஒரே தாவில் அந்தப் பக்கம் குதித்து, தெருவைக் கடந்து, வீட்டுக்குள் நுழைந்து, குளியலறையைத் தாழ்போட்டுக்கொண்டு, கண்ணை இறுக மூடி வாளிமேல் உட்கார்ந்தான்.

வெகுநேரம் கழித்துக் கதவு அதிர்ந்தது. திறந்தான். எழில் மூச்சிரைக்க நின்று, அவன் காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கிப் போனை வைத்தாள்.

முடிந்தது என்று நினைத்தான். இந்த ஓட்டத்தை நாடே பார்த்திருக்கும்.

"யப்பா!" என்றார் பிசியோ. "என்னா வேகம்டா அது! அந்தச் சுவத்து மேல பந்து போடுற கையை ஊணித் தாண்டினியே, செலக்டருங்க எழுந்து நின்னுட்டாங்களாம். இந்தத் தோள்லயா காயம்னு சிரிக்கிறாங்க. உன் பேர் போட்டாச்சு. கிளம்பற வேலையைப் பாரு!"

மாரிக்கண்ணன் சுவரில் சாய்ந்தான். இரண்டு நாளாக நெஞ்சில் கிடந்த கல் உருண்டு போனதுபோல இருந்தது. பயந்தது யாருக்கும் தெரியவில்லை. இடமும் போகவில்லை. எழில் அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் மாடத்தி அத்தை ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கோடு வந்தாள்.

"வாங்க அத்தை" என்றான் மாரிக்கண்ணன் உற்சாகமாக. "என்னா சத்தம் பாத்தீகளா? ஊரே அதிர்ந்துருச்சுல்ல?"

எழில் தொண்டையைச் செருமினாள்.

"எங்கய்யா அதிர்ந்துச்சு?" என்றாள் மாடத்தி. "உஸ்ஸுன்னு அணைஞ்சு போச்சு. உள்ள மருந்து இருந்தால்ல வெடிக்க? நாந்தான உருட்டுனேன். அம்புட்டும் வைப்பாத்து மணலு."

"மணலா? அண்ணாச்சிக்குத் தெரியுமா?"

"நீளத் திரி கேக்காகளேன்னு அவரு எங்ககிட்ட வந்துதான் முழிச்சாரு. பாவம், அவரு டவுன்காரரு, அவருக்கு எப்படித் தெரியும்? நாங்க எடுத்துச் சொல்லவும் மணலையே போடுங்கம்மான்னுட்டாரு."

"வெடி வெடிக்கலைன்னா கம்பெனிக்குக் கேவலம் இல்லையா அத்தை?"

"நீ ஓடுன ஓட்டத்துல வெடிய யாருய்யா பாத்தா?"

மாரிக்கண்ணன் கையிலிருந்த முறுக்கு அப்படியே நின்றது. "அவருகிட்ட என்னத்த அத்தை எடுத்துச் சொன்னீக?"

மாடத்தி வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தெருப் பிள்ளைகள் வரிசையாக, ஆளுக்கொரு பையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ரொம்பப் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"அது கெடக்கட்டும், எப்பய்யா கெளம்புற?" என்றாள் மாடத்தி. "சின்னப்புள்ளயில ஆலங்குளத்துக்கு அனுப்பிட்டாவது வெடி போட்டோம், இப்பப் பெரிய ஆளாயிட்ட, நீயா ஊர விட்டுக் கெளம்புனாத்தான எங்க தெருவுக்குத் தீபாவளி!"