சிக்கிக்கொண்ட ஐந்தாம் தலைமுறை

இந்த ஞாயிற்றுக்கிழமை தங்காக் போவதில்லை என்று சபதம் எடுத்தேன். மைத்துனி மகளுக்குக் கல்யாணம்; ஜவுளி எடுக்க தங்காக் ஊர்தான் பேர்போனது. என் மனைவி சந்திரமதி தங்காக்கில் ஒரு துணிக்கடை விடாமல் ஏறி இறங்குவாள். கடைசிக் கடையைப் பார்த்து முடித்த பிறகு முதல் கடைக்கே திரும்பி வந்து வாங்குவாள். பைகள் என் கையில்.

நாங்கள் இருவருமே பாசிர் கூடாங்கில் ஒரு நிறுவனத்தின் துணைப் போலீஸ். வேலை நேரத்தில் இருவர் இடுப்பிலும் கைத்துப்பாக்கி உண்டு. வீட்டில் அதிகாரம் ஒருவருக்குத்தான்.

துப்பாக்கி ஒரே மாடல். என்னுடையது இரண்டாம் தலைமுறை; பிடி தேய்ந்து வழவழவென்று இருக்கும். அவளுக்குப் போன வருடம் ஐந்தாம் தலைமுறை கொடுத்தார்கள். அன்று முதல் சாப்பாட்டு மேசையில் இதே பேச்சு. பழசு சேற்றில் விழுந்தாலும் சுடும் என்பேன் நான். விழாமல் பிடித்துக்கொள்ளத் தெரிய வேண்டும் என்பாள் அவள்.

சனிக்கிழமை சுடும் பயிற்சி. பந்தயம் கட்டினேன். யார் சுடும்போது துப்பாக்கி பாதியில் நின்றுபோகிறதோ, அவர் தோற்றவர். நான் ஜெயித்தால் தங்காக்குக்கு அவள் தங்கையோடு போகட்டும்.

"தோத்துட்டா?"

"நாள் பூரா பை தூக்குறேன். முணுமுணுக்காம."

"அந்தக் கடைசி வார்த்தைய மறந்துறாதீங்க."

மறப்பேனா? தோற்கப் போவதே இல்லையே. தோட்டா அடைக்கும் மேகசின் இரண்டு துப்பாக்கிக்கும் பொது. பயிற்சிப் பெட்டியில் கழித்துப் போட்ட மேகசின் ஒன்று கிடந்தது. ஸ்பிரிங் தொய்ந்து, தோட்டாவை மேலே தள்ளவே யோசிக்கும். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, அதில் தோட்டா அடைத்து, அவள் துப்பாக்கியில் இருந்த மேகசினை எடுத்துவிட்டு இதைச் சொருகினேன்.

திரும்பி வந்தவள் சுடும் வரிசையில் நின்று, பயிற்சி தரும் சார்ஜன் மூர்த்தியிடம் பணிவாக ஒரு விண்ணப்பம் வைத்தாள்.

"சார்ஜன், அவங்கவங்க பழகின துப்பாக்கிய அவங்கவங்களே சுட்டா அது சோதனையா? மாத்திக் கொடுங்க லா."

நல்ல யோசனை என்றார் சார்ஜன். நான் சொருகிய மேகசினோடு அவள் துப்பாக்கி என் கைக்கே வந்தது.

என் கிழட்டுத் துப்பாக்கி அவள் கையில் தையல் மிஷின் போல ஓடியது. அவளுடைய புதுசு என் கையில் இரண்டு முறை சுட்டது. மூன்றாவதில் நின்றது. தட்டி, இழுத்து, மறுபடி சுட்டேன். மறுபடி நின்றது. பின்னால் பட்டாளமே சிரித்தது.

"பார்த்தீங்களா, புதுசோட லட்சணத்த," என்றேன்.

சார்ஜன் துப்பாக்கியை வாங்கி, தன் மேகசினைச் சொருகிச் சுட்டார். ஒரு தடங்கலும் இல்லை.

"ரெண்டு தலைமுறையும் நல்லாத்தான் இருக்கு, காளிதாஸ். உன் மணிக்கட்டுதான் வீக். தொளதொளன்னு பிடிச்சா எந்தத் துப்பாக்கியும் சிக்கும்."

உண்மையைச் சொன்னால் மேகசினை மாற்றியதற்கு விசாரணை. சொல்லாவிட்டால் தங்காக்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலாவது கடை வாசலில், இரண்டு கையிலும் பை தொங்க, மெல்ல முணுமுணுத்தேன். சந்திரமதி திரும்பினாள்.

"என்னாங்க, என் மேகசின எனக்கு அடையாளம் தெரியாதா? சுட்டப்ப எது வீக்குன்னு நாளைக்கு நீங்களே சார்ஜன்கிட்ட சொல்லிருங்களேன்."

ஐந்தாவது பையை நீட்டினாள்.

"மணிக்கட்டுதான் வீக்," என்று வாங்கிக்கொண்டேன்.